தகப்பன் வீட்டைக் காட்ட இயலாதவர்கள்



இவ்வாரத் தியானத்திற்கு எஸ்றா 2ஆம் அதிகாரத்தைத் தெரிந்துகொண்டேன். வேதபாட அட்டவணையில் வந்தாலும் நம்மில் பலர் விரைந்து கடந்துபோகும் அதிகாரம் அது. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பியோரின் பெயர்களும் தொகைகளுமாக நீண்டு செல்கிறது. ஆனால் 59ஆம் வசனத்துக்கு வரும்போது, எழுதுகிறவருடைய கை சற்றே நிற்பதுபோல் எனக்குத் தோன்றும். தெல்மெலாக், தெல்அர்சா முதலிய இடங்களிலிருந்து வந்த 652 பேரால், தாங்கள் யாருடைய வழிவந்தவர்கள் என்பதை நிறுவ முடியவில்லை. அவர்களுக்கு அடுத்தாற்போல் ஆசாரியக் குடும்பங்கள் சில வருகின்றன. அவர்கள் வம்ச ஏட்டைத் தேடிப்பார்த்தும் தங்கள் பெயரைக் காணவில்லை. ஆகவே ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள்.

இந்த வசனங்களை நான் புதிதாக வாசிக்கக் காரணமாயிருந்தவர் ஒரு மூதாட்டி. சென்ற ஐப்பசி மழையில் ஒரு மாலை, சேலைத் தலைப்பால் ஒரு தகரப் பெட்டியை மூடிக்கொண்டு ஆலய அலுவலகத்துக்கு வந்தார். போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய் அந்தியில் இறங்கிவருகிற எத்தனையோ பெண்களில் ஒருவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. “ஐயா, எங்க தாத்தா போடிப் பக்கத்து ஆளுன்னு அப்பா சொல்வாரு. ஒங்க பழைய ஞானஸ்நானப் புத்தகத்துல அவரு பேரு இருக்குதான்னு பாத்துச் சொல்லணும்” என்றார்.

அவருடைய பேரன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகக் கடவுச்சீட்டு கேட்டு விண்ணப்பித்திருந்தான். விசாரணையில், தாயார் எங்கே பிறந்தார் என்ற கேள்வி எழுந்திருக்கிறது. தாயார் ஏலமலையின் கேரளப் பகுதியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்புச் சான்று இல்லை. பாட்டியோ இலங்கையில் பிறந்தவர். கேள்வி அங்கேயிருந்து கிளை விட்டுக்கொண்டு போய்விட்டது.

எங்கள் பழைய பதிவேடு துணி அட்டை போட்ட தடித்த புத்தகம். மை பழுப்பேறிவிட்டது. பெயர்களுக்குப் பக்கத்தில், ஓரத்தில், அக்காலத்து உபதேசியார் சிறு குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார். ‘மலைக்குப் போனான்’ என்று சில பெயர்களுக்கு எதிரே. ‘கண்டிக்குப் போனான்’ என்று வேறு சில பெயர்களுக்கு எதிரே. மலை என்றால் போடிக்காரர்களுக்கு இன்றைக்கும் மேற்கே நிற்கும் ஏலமலைதான். கண்டி என்றால் இலங்கையின் தேயிலைச் சீமை முழுவதும். ஒரே பக்கத்தில் இரண்டு குறிப்புகளும் அடுத்தடுத்து இருந்த இடமும் உண்டு. பாட்டியின் தாத்தா பெயர் எங்கும் இல்லை. இரண்டு மணி நேரம் தேடினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த இரண்டு ஓரக்குறிப்புகளைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

நம் ஊர் வழியாகப் போகும் சாலையைச் சற்று நினைத்துப்பாருங்கள். நெடுங்காலம் 49ஆம் எண்ணைத் தாங்கியிருந்த தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் தொடங்கி, மூணாறு கடந்து, போடிமெட்டில் வளைந்து வளைந்து இறங்கி, போடி, தேனி, மதுரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடியில் முடிந்தது. மேற்கே ஏறினால் ஏலமும் தேயிலையும். கிழக்கே போனால் கடலும், கடலுக்கப்பால் தேயிலையும். மதுரைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி வந்து முன்பணம் கொடுத்தபோது, ஏழைக் குடும்பங்களுக்கு இருந்த வழிகள் இவையிரண்டுந்தாம். எந்தப் பக்கம் போவது என்பதைப் பெரும்பாலும் கங்காணியே தீர்மானித்தான். அந்தத் தீர்மானம் நூறாண்டுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளின் குடியுரிமையைத் தீர்மானிக்கப்போகிறது என்று அவனும் அறியான், போனவர்களும் அறியார்.

கண்டிக்குப் போனவர்களின் கதை காப்பியில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இராமேசுவரம் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குச் சென்று, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து போனார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பிச் செடியை இலைநோய் பற்றிய பின்னர் மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே வந்தவர்கள் அங்கேயே குடும்பமாகத் தங்கினார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தன. மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாம் அமைந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போகவேண்டுமானால் ‘துண்டு’ என்றொரு தாள் வேண்டும். கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடலாமா என்பது அதில் இருக்கும். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. இந்த மக்களுடைய வரலாறு தொடக்கத்திலிருந்தே தாளின் வரலாறு என்பதைக் கவனியுங்கள். ஆளைக் கட்டிவைக்கத் தாள் இருந்தது. ஆள் இன்னாருடைய பிள்ளை, இன்ன மண்ணில் பிறந்தவர் என்று சொல்லும் தாளை எழுதுவதில் யாரும் அத்தனை அக்கறை காட்டவில்லை.

திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. 1850களில் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனுக்காகத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அந்த மிஷனின் பெயரே இன்று நம் காதில் உறுத்துகிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், நாள் என்று எழுதிவைத்த உபதேசியார், தாம் அறியாமலே அக்குழந்தைக்கு ஒரு சாட்சியை உண்டாக்கினார்.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். இல்லையேல் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்தவர்களாயிருக்கவேண்டும். ஊர்க்காரர்களிடம் இதை யாரும் எழுத்தில் கேட்கவில்லை. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களிடம்தான் கேட்டார்கள். தகப்பனுடைய பிறப்பைப் பதிவு செய்தவர் யார்? தாத்தாவின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அடுத்த ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, 1947 தேர்தலில் வாக்களித்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கினார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் ஒரு நாடும் இல்லாதவர்களானார்கள்.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது: இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் தொடர்ந்து ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்து, இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இலங்கை இந்தியக் காங்கிரசு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. பின்னர் மனம் மாறி, விண்ணப்பிக்குமாறு மக்களை ஏவியது. தலைவர்களின் கோபம் நியாயமானதே. ஆனால் கோபத்தில் கழிந்த மாதங்கள் ஏழைகளின் மாதங்களாயிருந்தன என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1951 ஆகஸ்டில் காலக்கெடு முடிந்தபோது சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகச் சேர்ந்திருந்தன. பத்தாண்டுக்கு மேல் நடந்த விசாரணைகளின் முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். மற்றவர்களுக்கு ஏதோ ஓர் இடைவெளி இருந்தது; சொந்த ஊருக்குத் திருமணத்துக்குப் போய்த் தங்கியது, ஒரு தாள் குறைந்தது, ஒரு தேதி பொருந்தாமற்போனது.

நீதிமன்றத்தையும் நாடினார்கள். வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு, இலங்கை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை முன்வைத்தது. ஓர் இனத்தாருக்கு மட்டும் தடைவிதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்பது அப்பிரிவு. வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அலுவலர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும், யார் தன் குடிமக்கள் என்று வரையறுப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளியது. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை; ஆகவே எந்த இனத்துக்கும் எதிரானதல்ல என்ற வாதம் வென்றது. எழுத்தை மட்டும் வாசித்தால் அது சரி. எழுத்து யார்மேல் விழுந்தது என்று பார்த்தால் வேறு.

இனி, ‘மலைக்குப் போனான்’ என்ற குறிப்பின் பக்கம் வருவோம். 1877இல் பூஞ்சாறு அரசரிடம் மன்றோ துரை குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளுக்கும், அதன் தெற்கே ஏலக்காடுகளுக்கும் ஏறியவர்கள் இவர்களுடைய அண்ணன் தம்பிமார்தாம். அதே கங்காணி, அதே முன்பணம், அதே வரிசை வீடு. அங்கே அதை லயன் என்றார்கள், இங்கே லயம் என்றார்கள், வேறுபாடு அவ்வளவே. ஆனால் திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் போராட்டங்களையும் மீறி தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குச் சென்றன. எனினும் எல்லை ஒரே நாட்டுக்குள் விழுந்தது. போடிமெட்டில் இருந்தது சோதனைச் சாவடி மட்டுமே; கடவுச்சீட்டு கேட்பார் இல்லை. மலைக்குப் போனவனும் கண்டிக்குப் போனவனும் ஒரே அளவு உழைத்தார்கள். ஒருவன் குடிமகனாயிருந்தான், மற்றவன் நாடற்றவனானான்.

அதற்காக, மலைக்குப் போனவர்களுக்குத் தாளின் தொல்லையே இல்லை என்று எண்ணவேண்டாம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையை ஒட்டி, அந்நாளுக்கு முன்பே முன்னோர் கேரளப் பகுதியில் வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் அங்கே சாதிச் சான்று கிடைக்கும் என்ற நிலை, இடுக்கித் தமிழ்ப் பிள்ளைகள் பலருடைய படிப்பில் முட்டுக்கட்டையாக நின்றது. மீண்டும் அதே கேள்விதான்: தாத்தா எங்கே இருந்தார், காட்டு. 2020இல் கொள்ளைநோய் பரவி, மலையேறுவதற்கு இணையவழி அனுமதி வேண்டும் என்றானபோது நம் சபையாரில் பலர் எப்படித் தவித்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். காய் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது, கூலி இல்லை. ஒரு எல்லைக்கோடு மனிதனை என்ன செய்யும் என்பதைப் போடி அந்தச் சில மாதங்களில் சற்றே ருசி பார்த்தது.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974இல் அந்த மீதியையும் இரண்டு சம பங்காகப் பிரித்தார்கள். அந்த மக்களில் ஒருவரையும் கேட்டுச் செய்யவில்லை. ஒரு தொகையை வகுத்தல் கணக்காகப் போட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. மக்களை ஏற்றிவர வேண்டிய துறைமுகமே இல்லாமற்போயிற்று. பின்னர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ‘இராமானுஜம்’ கப்பல் ஓடியது.

விண்ணப்பங்களைக் கேட்டபோது கணக்கு தலைகீழானது. இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய தொகையை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ ஒதுக்கிய தொகையைப்போல் இரு மடங்குக்கும் மேல். பாட்டியின் தகப்பனார் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் முத்திரையிட்ட அவருடைய கடவுச்சீட்டு அந்தத் தகரப் பெட்டியில் இருந்தது. அவர் புகைப்படத்தில் மேற்சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கிறது; கண்கள் எங்கோ பார்க்கின்றன. பிள்ளைகளின் பெயர்கள் உள்ளே எழுதப்பட்டிருந்தன. பாட்டியின் பெயர் மூன்றாவது. அதோடு குடும்ப அட்டை. எந்த மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் அனுப்பப்படுகிறார்கள் என்று அதில் குறித்திருந்தது. “கப்பல்ல ஏறுனப்ப எனக்குப் பன்னண்டு வயசு. அம்மா தேயிலைச் செடியில ஒரு கொழுந்தக் கிள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்துச்சு. மண்டபத்துல எறங்குறப்ப அது கருகிப்போச்சு” என்றார் அவர்.

தாயகம் திரும்பியோர் என்று அரசு இவர்களை அழைத்தது. பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்டதில்லை. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்காகவே உருவாயின. அவையே பின்னர் டான்டீ ஆயின. 1969இல் ரெப்கோ வங்கி தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென்றே தொடங்கப்பட்டது. இன்று அதில் கணக்கு வைத்திருப்போரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும் என்று அறியேன். கேரளத்தில் புனலூரில் ரப்பர்த் தோட்டம். பெரியாற்று மலைகளில் கவி என்ற இடத்தில், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டம். இப்போது சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் கவியில் குடியிருப்போர் பெரும்பாலும் 1970களில் அவ்வாறு கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்களே. கண்டிக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் இவ்வாறு கடல் சுற்றி, முடிவில் ஏலமலைக்கே வந்து சேர்ந்தார்கள். உபதேசியாரின் இரண்டு ஓரக்குறிப்புகளும் இங்கே ஒன்றாகின்றன.

எல்லாரும் வந்து சேரவில்லை. 1983 வன்முறையின் பின்னர், 1984இல் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தும் வர இயலாதவர்கள், விண்ணப்பம் பாதியில் நின்றவர்கள், எந்தப் பக்கமும் சேராதவர்கள் அங்கே எஞ்சினார்கள். 1986 தைப்பொங்கலன்று தொண்டமான் தலைமையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு ஒரு பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் போகாமல் கோயிலிலும் ஆலயத்திலும் கூடிக் குடியுரிமைக்காக மன்றாடினார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிரார்த்தனை என்று பெயர் சூட்டிய தந்திரம் என்று அன்று சிலர் நகைத்தார்கள். வயல் அறுத்தவர்களின் கூலியை நினைவுபடுத்தும் யாக்கோபின் நிருபத்தை வாசித்தவர்களுக்கு அதில் நகைக்க ஒன்றுமில்லை. அவ்வாண்டிலேயே 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது.

கடைசிச் சட்டம் 2003இல் வந்தது. அதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்ப்பதுண்டு. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தோரும் இலங்கைக் குடிமக்களே என்றது அச்சட்டம். ஐம்பத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டுவந்த தாத்தாவின் சான்றைக் கேட்கவில்லை. ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும் என்றது. ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொழிற்சங்கத் தொண்டர்களும் தோட்டந்தோட்டமாக மேசை போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பினார்கள். பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேருக்கு ஆவணம் கிடைத்தது. 1951இல் பத்தாண்டு விசாரித்தும் தீராதது 2003இல் பத்து நாளில் எப்படித் தீர்ந்தது? மக்கள் மாறவில்லை, அவர்களுடைய ஆதாரங்களும் பெருகவில்லை. மெய்ப்பிக்கும் சுமையை ஏழையின் தோளிலிருந்து சட்டம் இறக்கி வைத்தது. இறக்கியதை அவனுக்குப் புரியவைக்க ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நம் பக்கத்தில் அந்தச் சுமை இன்னும் முழுவதும் இறங்கவில்லை. கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், பின்னர் படகில் இராமேசுவரம் வந்த குடும்பங்கள் நாற்பது ஆண்டுகளாகத் தமிழக முகாம்களில் இருக்கின்றன. முன்பு அவர்கள் பாட்டன்மார் நோய்த்தடுப்புக்காக நிறுத்தப்பட்ட அதே மண்டபம் முகாமில் பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். இந்திய வம்சாவளியினர் ஏழாண்டு இங்கே வாழ்ந்தால் பதிவின்மூலம் குடியுரிமை கேட்க 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் உரிய பயண ஆவணமின்றி நுழைந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அவருக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. உயிருக்கு ஓடிவந்தவன் படகுத்துறையில் முத்திரை வாங்கி வரவில்லை என்பது குற்றமாயிற்று.

2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் முன், திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கு வந்தது. அனைவரும் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள். புதிதாக விண்ணப்பிக்க அவர்களை அனுமதித்து, 16 வாரத்துக்குள் மத்திய அரசு முடிவெடுக்கவேண்டும் என்றார் அவர். நாடற்றவர்களாகவே ஒருவரை வைத்திருப்பது வாழ்வுரிமைக்கு மாறானது என்பது அவர் கருத்து. 2022இல், மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க அதே நீதியரசர் ஆணையிட்டார். காரணம் எளிது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அது சட்டத்தில் எப்போதும் இருந்தது. அப்பெண் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடம் இந்தச் செய்தியைச் சொன்னபோதுதான் எனக்கே ஒன்று விளங்கியது. அவருடைய மகள், அதாவது பேரனின் தாய், 1984இல் பிறந்தவர். அப்படியானால் தாத்தாவைத் தேடவேண்டிய தேவையே இல்லை! எங்கள் பதிவேட்டை நாங்கள் புரட்டிய இரண்டு மணி நேரமும் வீண். அந்தத் தாய் இந்திய மண்ணில் பிறந்தார் என்று காட்டினாலே அவர் பிறப்பால் குடிமகள். பேரன் 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவன். அவனுக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாயிருந்தால் போதும். தகப்பன் போடிக்காரர்.

எருசலேம் கோட்டையில் பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது நடந்ததை நினைத்துக்கொண்டேன். தான் பெருந்தொகை கொடுத்துக் குடியுரிமை வாங்கியதாகப் படைத்தலைவன் சொல்கிறான். பவுலோ தனக்கு அது பிறப்பிலேயே உள்ளது என்கிறார் (அப்போஸ்தலர் 22:28). அந்த ஒரு சொல்லால் கட்டுகள் அவிழ்ந்தன. பவுல் சட்டம் கற்றவர். எந்தக் கேள்வியை எப்போது கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பாட்டிக்கு அதைச் சொல்ல எவரும் இல்லை. ஆகவே அவர் தம் உரிமையைப் பிறப்பில் தேடாமல், நான்கு தலைமுறைக்கு முந்திய ஓர் ஏட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரை அழைத்துச் சென்றேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் 12ஆம் பிரிவின்படி, பெண்கள் எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம். நம் சபையில் இதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? எங்களுக்கு அமர்த்தப்பட்ட இளம் பெண் வழக்கறிஞர் பெட்டியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார். மகளின் பிறப்பு கேரளத்தில் நிகழ்ந்ததால், அந்தப் பகுதிப் பஞ்சாயத்திலேயே பதியவேண்டும். ஓராண்டு கடந்த பிறப்பாதலால் அங்குள்ள நிர்வாக நடுவரின் ஆணை தேவை. அதற்குத் துணைச் சான்றுகள்: பெற்றோர் அத்தோட்டத்துக்கு அனுப்பப்பட்டதைக் காட்டும் குடும்ப அட்டை, தோட்டத்தின் வேலைப் பதிவு, மகள் முதல் வகுப்பில் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. “இந்தப் பாஸ்போர்ட்டையும் வைங்க பாட்டி. கேக்க மாட்டாங்க, ஆனா கேட்டா இருக்கணும்” என்றார் வழக்கறிஞர்.

பாட்டி அதைக் கையில் வாங்கி, தகப்பனாரின் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எஸ்றாவின் பட்டியலுக்கு ஒருமுறை திரும்புகிறேன். ஆசாரியர்கள் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தகப்பன் வீட்டைக் காட்ட இயலாத அந்த 652 பேர் என்ன ஆனார்கள்? அவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதிகாரத்தில் எங்கும் இல்லை. காட்ட இயலவில்லை என்பதையும் எழுதி, தொகையையும் எழுதி, பட்டியலுக்குள்ளேயே வைத்திருக்கிறார் அந்த எழுத்தர்.

மனு மலைக்கு அப்பால் போயிருக்கிறது. இரண்டு முறை போய்வந்தாயிற்று. பள்ளிச் சான்று கிடைத்துவிட்டது, தோட்டத்துச் சான்றுக்குக் காத்திருக்கிறோம். தகரப் பெட்டி இப்போது ஆலய அலுவலகத்து அலமாரியில், ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். மழை நின்றதும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.